கேட்டால்தானே வேண்டாம் என்பார்கள்

மக்களவை கூடிச் சட்டம் செய்ய எத்தனை பேர் அவையில் இருக்க வேண்டும்? அரசியல் சட்டத்தின் 100-ஆவது பிரிவில் விடை இருக்கிறது: பத்தில் ஒரு பங்கு. அதாவது 55 பேர். அந்த 55 பேர் இருக்கிறார்களா என்று யாராவது எழுந்து கேட்டால்தான் தலையை எண்ணுவார்கள். கேட்காவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. சரி, ஒடிசா மலையில் இருக்கும் முப்பது வீட்டுக் குடியிருப்பு ஒன்று தன் காட்டைப் பற்றித் தீர்மானம் போட எத்தனை பேர் கூட வேண்டும்? வன உரிமைச் சட்டத்தின் விதிகளை 2012-இல் திருத்தியபோது எழுதிவைத்தார்கள்: ஊராரில் குறைந்தது பாதிப் பேர் வந்தாக வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். இதே விதியை மக்களவைக்குப் போட்டுப் பாருங்கள். 543-இல் பாதி 272. அதில் மூன்றில் ஒரு பங்கு 91. 2024 தேர்தலில் வென்று வந்த பெண்கள் மொத்தமே 74 பேர். ஒருவர் விடாமல் எல்லாப் பெண் உறுப்பினர்களும் வந்து உட்கார்ந்தாலும், மலைக் குடியிருப்புக்கு வைத்த அளவுகோலில் இந்தியாவின் மக்களவை கூடவே முடியாது.

தங்களால் எட்ட முடியாத உயரத்தில் ஊராருக்குக் கம்பு கட்டினார்கள். ஊரார் தாண்டிவிட்டார்கள். வினை அங்கேதான் பிடித்தது.

நியமகிரியைச் சொல்கிறேன். மலை உச்சியில் பாக்சைட். அடிவாரத்தில் லாஞ்சிகரில் வேதாந்தா தன் அலுமினா ஆலையைக் கட்டி முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தது. இடையில் டோங்க்ரியா கோந்த் மக்களும் அவர்களுடைய சாமி நியமராஜாவும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது: ஊர்ச்சபையைக் கேளுங்கள். ஒடிசா அரசு கேட்டது. மலையில் இருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் 12-ஐ மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்டது. எந்தப் பன்னிரண்டு என்று பொறுக்கியதும் அரசுதான். தேர்வுத்தாளைத் தானே தயாரித்து, விடை எழுத வேண்டிய பிள்ளைகளையும் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது.

ஜூலை 18 செர்க்காபாடியில் தொடங்கி ஆகஸ்ட் 19 ஜாராப்பாவில் முடிந்தன அந்தக் கூட்டங்கள். மழைக்காலம். மாவட்ட நீதிபதி பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் துப்பாக்கியோடு போலீஸ். ஊர்ப் பெண்களும் ஆண்களும் எழுந்து, தங்கள் மொழியில், இது எங்கள் சாமியின் மலை, தரமாட்டோம் என்கிறார்கள். எழுதிக்கொள்கிறார்கள். கைநாட்டு விழுகிறது. அடுத்த ஊர். மறுபடி அதே பேச்சு. பன்னிரண்டு ஊரும் ‘வேண்டாம்’ என்றன, ஒன்றுகூடப் பிசகவில்லை. 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது.

இதிலிருந்து டெல்லி ஒரு பாடம் கற்றுக்கொண்டது. மலையை விட்டுவிடலாம் என்பதல்ல அந்தப் பாடம். இனிமேல் கேட்கவே கூடாது என்பது.

உடனே இன்றைய ஆளுங்கட்சியைத் திட்டக் கிளம்பிவிட வேண்டாம். வரிசையில் முதலில் நிற்பது காங்கிரஸ். 2006 டிசம்பரில் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, பழங்குடிகளுக்கு இழைத்த வரலாற்று அநீதியைச் சரிசெய்கிறோம் என்று அதன் முகப்பிலேயே எழுதிக்கொண்டது அவர்கள் அரசுதான். அதே அரசு 2013 பிப்ரவரியில், நியமகிரித் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பாகவே, சாலை, ரயில் பாதை, மின்கம்பி, குழாய் என்று நீட்டமாகப் போகும் திட்டங்களுக்கு ஊர்ச்சபை சம்மதம் தேவையில்லை என்று ஒரு சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. பாவ மன்னிப்பு சட்டத்தில், பாவம் சுற்றறிக்கையில். சட்டத்துக்குப் பேச்சும் புகைப்படமும் உண்டு. சுற்றறிக்கைக்கு ஒரு சார்புச் செயலரின் கையெழுத்து போதும்.

பின்னால் வந்தவர்கள் இன்னும் தேர்ந்தவர்கள். 2022 ஜூன் 28 அன்று வெளியான வனப் பாதுகாப்பு விதிகளைப் படித்துப் பார்த்தால் அவர்கள் கைத்திறன் தெரியும். அதற்கு முன்பு, காட்டை வேறு வேலைக்குக் கொடுக்க மத்திய அரசு முதற்கட்ட ஒப்புதல் தரும் முன்பே ஊர்ச்சபை சம்மதித்ததா என்று பார்க்க வேண்டும். 2009 சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. புதிய விதிகளில் மத்திய அரசு ஒப்புதல் தந்துவிடும், ஈட்டுக் காடு வளர்ப்புக்கான பணத்தையும் வாங்கிக்கொள்ளும். ஊராரின் உரிமை, சம்மதம் இதையெல்லாம் மாநில அரசு பிறகு பார்த்துக்கொள்ளும். தாலி கட்டி, சீர் வாங்கி, பந்தியும் முடிந்த பிறகு, ‘பெண்ணுக்குச் சம்மதமா என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்துக்கொள்ளட்டும்’ என்று கிளம்பிவிட்ட சம்பந்தி இவர்கள்.

தேசியப் பழங்குடியினர் ஆணையத்துக்கு அப்போது தலைவர் ஹர்ஷ் சௌஹான். இதே அரசு நியமித்தவர். அவர் 2022 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சருக்கு எழுதினார்: இந்த விதிகள் வன உரிமைச் சட்டத்தை மீறுகின்றன, நிறுத்திவையுங்கள். ஆணையத்தின் பயம் சட்டப்படி ஏற்கத்தக்கதல்ல என்று பதில் வந்தது. பதவிக்காலம் முடிய எட்டு மாதம் இருக்கையில், 2023 ஜூனில், அவர் விலகிப் போனார். அடுத்த மாதமே வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா மக்களவையில் விவாதத்துக்கு வந்தது. எவ்வளவு ஒழுங்காகக் காய் நகர்ந்திருக்கிறது பாருங்கள்.

2023 ஜூலை 26. மணிப்பூர் எரியத் தொடங்கி மூன்றாம் மாதம். பிரதமர் அவைக்கு வந்து பேச வேண்டுமென்று எதிர்க்கட்சியினர் பதாகையோடு நிற்கிறார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைச் சபாநாயகர் ஏற்றுக்கொண்ட நாளும் அதுவே. அந்தக் கூச்சலுக்கு நடுவில் வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா எடுத்துக்கொள்ளப்பட்டு, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. குரல் வாக்கெடுப்பு என்றால் என்ன? ஆதரிப்பவர்கள் ஆம் என்று கத்த வேண்டும், எதிர்ப்பவர்கள் இல்லை என்று கத்த வேண்டும், எந்தச் சத்தம் பெரிது என்று தலைமை இருக்கையில் இருப்பவரின் காது தீர்மானிக்கும். ஏற்கெனவே அவை முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது என்பது அந்தக் காதுக்கு ஒரு பொருட்டில்லை. ஜாராப்பாவில் கைநாட்டு வைத்த கிழவியின் பெயர் பதிவேட்டில் இருக்கும். மக்களவையில் ஆம் என்றவர் யார், இல்லை என்றவர் யார் என்று தேடினால் எங்கும் இருக்காது.

மசோதா முறைப்படி ஆராயப்படவில்லை என்று சொன்னால் பாவம். ஆராய்ந்தார்கள். காடு, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் பார்க்கும் நிலைக்குழு ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதன் தலைவர் எதிர்க்கட்சியின் ஜெய்ராம் ரமேஷ். அதனால் 31 பேர் கொண்ட கூட்டுக்குழு ஒன்றைப் புதிதாக அமைத்து அதனிடம் கொடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. ஊர்க்காரர்கள், விஞ்ஞானிகள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், பழங்குடி அமைப்புகள். எல்லாவற்றையும் பரிசீலித்த குழு, மசோதாவில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் திருப்பிக் கொடுத்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலர் மாறுபட்ட கருத்தை எழுதி இணைத்தார்கள். அது பின்னிணைப்பில் பத்திரமாக இருக்கிறது. தஞ்சாவூர்ப் பொம்மைகூட ஆடும்போது கொஞ்சம் பக்கவாட்டில் சாயும்.

மசோதாவில் இருந்தது என்ன? பன்னாட்டு எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் பாதுகாப்பு முக்கியத்துவமுள்ள நீட்டமான திட்டங்கள் வந்தால், காட்டுக்கு இந்தச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டாம். பாதுகாப்புக் கட்டுமானம் என்றால் பத்து ஹெக்டேர் வரை வேண்டாம். மாவோயிஸ்டுகள் உள்ள பகுதி என்றால் பொதுப் பயன்பாட்டுக்கு ஐந்து ஹெக்டேர் வரை வேண்டாம். அனுமதியே வேண்டாம் என்றால் அந்த அனுமதிக்கு முன்னால் ஊராரைக் கேட்கும் படியும் வேண்டாம். வடகிழக்கின் வரைபடத்தில் நூறு கிலோமீட்டர் கோட்டைப் போட்டுப் பார்த்தால் மிசோரம் முழுசாக உள்ளே விழுகிறது. மிசோரம் சட்டமன்றம் 2023 ஆகஸ்டில் ஒருமனதாக எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அப்போது அங்கே ஆண்டது டெல்லியின் கூட்டணிக் கட்சி. அதனால் என்ன? ஆகஸ்ட் 4-ஆம் தேதியே சட்டம் ஆகிவிட்டது. போன வருடம் ஊர்ச்சபையைக் கேட்காதவர்கள் இப்போது ஒரு மாநிலச் சட்டமன்றத்தையும் கேட்கவில்லை. சமத்துவம்.

அரசியல் நிர்ணய சபையில் ஜெய்பால் சிங் முண்டா என்று ஒருவர் இருந்தார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹாக்கி அணியின் தலைவர். 1946 டிசம்பர் 19 அன்று எழுந்து, பழங்குடிகளுக்கு நீங்கள் ஜனநாயகம் கற்றுக்கொடுக்க முடியாது, அவர்களிடமிருந்து நீங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பேசினார். மற்றவர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிகிறது. இப்போதாவது எடுத்துப் பார்க்கலாம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், மக்களவையை ஜாராப்பா முறையில் நடத்தட்டும். மாவட்ட நீதிபதி ஒருவர் நடுவில் நாற்காலி போட்டு உட்காரட்டும். வாசலில் ஆயுதப்படை நிற்கட்டும், உறுப்பினர்கள் பயப்படுகிறார்களா என்று பார்க்க. மசோதாவின் பக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்து, புரிந்ததா ஐயா என்று கேட்கட்டும். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, கொறடாவின் முகத்தைப் பார்க்காமல், என் தொகுதி இதற்குச் சம்மதிக்கிறது என்று தன் வாயால் சொல்லிக் கைநாட்டு வைக்கட்டும். மக்களவையில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய இடங்கள் 47. முதலில் அந்த 47 பேரும் எழட்டும். அவர்கள் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது. கட்சிக் குரல் அல்ல, சொந்தக் குரல்.

பழங்குடிகளைப் புகழ்வதில் குறை வைத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 2021-லிருந்து நவம்பர் 15, பிர்சா முண்டாவின் பிறந்த நாள், பழங்குடிப் பெருமை நாள். காட்டையும் நிலத்தையும் பறித்த அரசை எதிர்த்துக் கலகம் செய்து, 1900-இல் ராஞ்சிச் சிறையில் செத்தவர் அவர். இன்று இருந்திருந்தால் எந்தச் சட்டத்தில் உள்ளே தள்ளியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே மாலை போடுகிறார்களோ என்னவோ. 2022-இல் சந்தால் பெண்மணி ஒருவர் குடியரசுத் தலைவரானார், பெருமைதான். 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தைத் திறந்தபோது அவரை அழைக்க மறந்துபோனார்கள். நம் ஊர் ஆதீனங்கள் செங்கோலோடு போயிருந்தார்கள். அந்தக் கோல் இப்போது சபாநாயகர் பக்கத்தில் நேராகத்தான் நிற்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கோணுவதற்கு இடமில்லை.

இனி தெற்கே, நாட்டின் கடைசி முனைக்கு. ராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வரும் தீவுக்கூட்டம். படையெடுத்தவனாவது படையெடுத்தேன் என்று கல்லில் வெட்டிவைத்தான். இவர்கள் வைத்த பெயர் ‘கிரேட் நிக்கோபாரின் முழுமையான வளர்ச்சி’. சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம். 72,000 கோடி ரூபாய் என்று ஆரம்பித்த திட்டம். 166 சதுர கிலோமீட்டர் நிலம், அதில் 130 காடு, 84 பழங்குடிக் காப்பகம். சுமார் எட்டாயிரம் பேர் இருக்கும் தீவில் முப்பது வருடத்தில் மூன்றரை லட்சம் பேர். 2004 சுனாமியில் நான்கு மீட்டருக்கு மேல் கடலுக்குள் இறங்கிய இந்திரா முனை இதே தீவில்தான் இருக்கிறது; வெளிச்ச வீட்டின் அடிப்பாகம் தண்ணீரில் நிற்கிறது. தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கலாத்தியா விரிகுடாவுக்குச் சரணாலயம் என்ற பெயர் இருந்தது. துறைமுகத்துக்கு இடம் வேண்டியிருந்ததால் 2021 ஜனவரியில் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள்.

வெட்டப்போகும் மரங்கள் 9.64 லட்சம் என்று நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார்கள். கவலை வேண்டாம், ஈட்டுக் காடு உண்டு. எங்கே? ஹரியானாவில். ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கடலையே பார்க்காத வறண்ட மண்ணில், மழைக்காட்டுக்கு மாற்றாகக் கன்று நடுவார்கள். இதை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால், அங்கதத்துக்கும் ஓர் அளவு உண்டு என்று பத்திரிகை ஆசிரியர் வெட்டியிருப்பார். அரசு ஆவணத்தை யாரும் வெட்டுவதில்லை.

அந்தக் காட்டில் ஷொம்பென் மக்கள் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 229 பேர். வெளியாட்களோடு பெரும்பாலும் உறவு வைத்துக்கொள்ளாதவர்கள். நமக்குச் சளியாக வந்து போகும் நோய் அவர்கள் ஊரையே காலி செய்யக்கூடும். 2024 ஏப்ரல் 19 அன்று அவர்களில் ஏழு பேர் முதன்முறையாக வாக்களித்தார்கள். தேர்தல் ஆணையம் பூரித்துப்போய் அறிவித்தது. ஜனநாயகம் காட்டின் கடைசி மனிதனையும் எட்டிவிட்டதாம். எட்டியது உண்மை. யார் எம்.பி. ஆக வேண்டும் என்று அவர்களைக் கேட்டார்கள். நீங்கள் வாழும் காட்டில் நகரம் கட்டலாமா என்பதை மட்டும் கேட்கவில்லை. அது அவ்வளவு முக்கியமான கேள்வி இல்லை போலும்.

கரையில் வாழ்ந்த நிக்கோபாரியர்கள் சுனாமிக்குப் பிறகு கேம்பல் பே அருகே குடியமர்த்தப்பட்டவர்கள். அன்றிலிருந்து இன்றுவரை, எங்கள் பழைய ஊருக்கு எங்களை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுடைய பழங்குடி மன்றத்திடம் 2022 ஆகஸ்டில் ஆட்சேபணையின்மைக் கடிதம் வாங்கினார்கள். திட்டத்தில் தங்கள் பழைய ஊர் நிலங்களும் போகின்றன என்று தெரிந்ததும், அதே ஆண்டு நவம்பரில் மன்றம் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றோம் என்று எழுத்தில் கொடுத்தது. கொடுத்த கடிதம் செல்லும். திரும்பப் பெற்ற கடிதம் செல்லாது. ஆம் என்பது ஒருமுறை வாயிலிருந்து விழுந்துவிட்டால் அப்புறம் அது அரசாங்கச் சொத்து.

அந்தமான் நிர்வாகத்தின் சாமர்த்தியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தீவுகளில் 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இருக்கிறது, ஆகவே வன உரிமைச் சட்டத்தை இங்கே நடைமுறைப்படுத்தத் தேவையே இல்லை என்று அது மத்திய அரசிடம் சொல்லிவந்தது. அதே நிர்வாகம் 2022 ஆகஸ்டில் ஒரு சான்றிதழ் கொடுத்தது: வன உரிமைச் சட்டத்தின்படி எல்லா உரிமைகளும் கண்டறியப்பட்டுத் தீர்க்கப்பட்டுவிட்டன. நடத்தாத பரீட்சையில் எல்லோரும் தேர்ச்சி. உரிமை வழங்கும் பணி தொடங்கவே இல்லையே என்று பழங்குடி மன்றம் 2025-இல் பழங்குடி நல அமைச்சரிடம் முறையிட்டது. அமைச்சரும் பழங்குடியினர்தான். நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிக் கேள்வி வரும்போதெல்லாம் சுற்றுச்சூழல் அமைச்சகம் வாசிக்கும் பதிலின் சாரம் ஒன்றே: ஷொம்பென் மக்களின் நலனுக்குப் பாதிப்பு வராது. எப்படித் தெரியும்? கேட்டீர்களா? அந்த இடத்தில் அவை ஒத்திவைக்கப்படும்.

நமக்கென்ன, இது வடக்கத்தியான் விவகாரம் என்று காலாட்டிக்கொண்டிருக்க முடியாது. காடு என்றால் அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கோதவர்மன் வழக்கு, நீலகிரியின் கூடலூரில் மரம் வெட்டியதைத் தொட்டுக் கிளம்பியது. அதைச் சுருக்கத்தான் 2023 திருத்தம் வந்தது. அகராதிப் பொருளையே இப்போதைக்குப் பின்பற்றுங்கள் என்று 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. திருத்தத்தில் சட்டத்தின் பெயரையே இந்தியில் மாற்றியதற்கு நம் உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நியாயம். உள்ளே இருந்ததற்கும் அதே சத்தம் போட்டிருந்தால் இன்னும் நியாயம். தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒன்றும் கிடையாது. அவர்களுக்காகப் பேசுவதாக இருந்தால் மற்றவர்தான் பேச வேண்டும்.

வாச்சாத்தியை மறந்துவிட்டோமா? 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று மலையாளி பழங்குடிகளின் ஊருக்குள் போன வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் 18 பெண்களைச் சிதைத்தன. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றது அன்றைய அரசு. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011-இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், குற்றவாளிகள். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 செப்டம்பர் ஆனது. முப்பத்தொரு வருடம். காட்டு மசோதாவுக்குக் கூட்டுக்குழு, இரண்டு அவை, குடியரசுத் தலைவர் ஒப்புதல் எல்லாம் சேர்த்து நான்கு மாதம் சொச்சம். அரசுக்கு வேகம் தெரியாது என்று யாரும் குறை சொல்லக் கூடாது.

கிரேட் நிக்கோபார் திட்டத்தின் காகிதங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்கு, நாட்டின் பாதுகாப்பு நலன் என்று காரணம் காட்டி மறுத்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் மறுஆய்வுக்கு அமைத்த குழுவின் அறிக்கையும் ரகசியம். போகட்டும், துறைமுகத்தின் ஆழம் ரகசியமாகவே இருக்கட்டும். ஆமை எந்தக் கரையில் முட்டையிடுகிறது என்பதையும் பகைவனிடமிருந்து மறைத்து வையுங்கள். 2022 ஆகஸ்டில் உரிமைகள் எல்லாம் தீர்ந்தன என்று சான்றிதழ் கொடுத்தீர்களே, அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டை மட்டும் அவையின் மேசையில் வையுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், ஷொம்பென் எத்தனை பேர் வந்தார்கள், அவர்களுக்கு யார் எந்த மொழியில் எடுத்துச் சொன்னார்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? இதுவுமா ராணுவ ரகசியம்?